நாயில்லாத சங்கிலி

திங்கட்கிழமைகளில் என் குரல் அடைத்திருக்கும். கொம்பனித்தெருவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. காலையில் போய் மேசையில் அமர்ந்து முதல் வார்த்தை சொல்லும்போது, துருப்பிடித்த கேற் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் தொண்டையில் இருந்து வரும். பக்கத்து மேசைக்காரி நுகேகொடையில் இருந்து வருகிற ஒரு சிங்கள அக்கா. கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுவந்து தருவார். நானும் மறுக்காமல் குடிப்பேன்.

ஒருநாள் அவர் போத்தலை மூடியபடி என்னை உற்றுப் பார்த்தார். பாதி சிங்களம், பாதி ஆங்கிலம் என்றுதான் எங்கள் பேச்சு போகும். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கி, திங்கட்கிழமை மட்டும் வருகிற தடிமன் என்ன தடிமன்? வெள்ளிக்கிழமை பின்னேரம் இங்கேயிருந்து போனபிறகு நீ யாரோடு கதைத்தாய்?"

நான் யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை மரக்கறிக்காரனிடம் கத்தரிக்காய் சொத்தை என்று சண்டை பிடித்தேன். அவ்வளவுதான். ஞாயிறு ஒன்றுமில்லை.

"உனக்குக் கொத்தமல்லி தேவையில்லை," என்றார் அவர். "உனக்கு ஒரு நாய் தேவை. எங்கள் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதுவும் முதலில் கோபமாகத்தான் வரும். பிறகுதான் அது துக்கமா, வெட்கமா என்று தெரியும். நாற்பது வயதில் கலியாணம் இல்லாத ஒருத்திக்கு நாய் வளர்க்கச் சொல்கிறாளே என்று மத்தியானம் வரைக்கும் அவரோடு கதைக்கவில்லை. பின்னேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, குட்டிகள் என்ன நிறம் என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்று நினைத்தேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். முன்வீட்டில் வீட்டுக்கார அன்ரி தனியாக இருந்தார். புருஷன் போய்விட்டார், பிள்ளைகள் வெளிநாடு. பின்வீட்டில் நான் தனி. இரண்டு தனிக்கட்டைகளுக்கு நடுவில் ஒரு சுவர். நான் அங்கே போய் ஐந்து வருடமாகியும் அன்ரியின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு என்னைப் பற்றி அதுகூடத் தெரியாது.

அது பகை அல்ல. யுத்த காலத்து வெள்ளவத்தையில் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருப்பதுதான் மரியாதை. ஊர் எது, அண்ணன் தம்பி எங்கே, ஏன் கொழும்புக்கு வந்தது, எப்போது வெளிநாடு போவது, ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால், நாளைக்குப் பொலிஸ் வந்து விசாரிக்கும்போது சொல்ல வேண்டி வரும். தெரியாவிட்டால், தெரியாது என்று சத்தியமே பண்ணலாம். ஊரில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அடுத்த வீட்டுச் சட்டிக்குள் என்ன மீன் என்று சொல்லக்கூடிய சனம், இங்கே வந்து கண்ணையும் காதையும் பொத்திக்கொள்ளப் பழகியிருந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு சிரிப்பு. அதற்கு மேல் யாரும் போவதில்லை.

நாய் விஷயம் மனதுக்குள் சுற்றத் தொடங்கியதும் அன்ரியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"அன்ரி, நான் ஒரு நாய்க்குட்டி வளர்த்தா உங்களுக்குப் பிரச்சினை இருக்குமோ?"

பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார். "எனக்கு என்ன பிள்ளை? ஆனா நாய் எண்டா குலைக்கும். குலைச்சா நாலு பேர் பார்ப்பினம். சும்மா கிடக்கிற எங்களை ஏன் நாலு பேர் பார்க்கோணும்?"

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஒழுங்கையில் மிக்ஸியைக்கூட யன்னலைச் சாத்திவிட்டுத்தான் போடுவார்கள்.

ஆனால் என்னை அதிகம் பிடித்து உலுக்கிய கேள்வி வேறு. அந்த நாட்களில் சுற்றிவளைப்பு என்றால், விடிகிற நேரம் வந்து கதவைத் தட்டி, அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் பார்த்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றால் வாகனத்தில் ஏறச் சொல்வார்கள். சிலர் மத்தியானம் திரும்பினார்கள். சிலர் ஒரு கிழமையில். சிலரைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. என்னை அப்படி ஏற்றிக்கொண்டு போனால், பூட்டிய அனெக்ஸுக்குள் அந்த நாய் என்ன செய்யும்? யார் தண்ணீர் வைப்பார்கள்? வரமாட்டேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? என் உயிரைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இருக்கவில்லை. இன்னும் கண்ணால்கூடக் காணாத ஒரு குட்டி பட்டினி கிடக்கும் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இதை நுகேகொடை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் நல்லவர், ஆனால் அவர் வீட்டுக் கதவை விடிகிற நேரத்தில் யாரும் தட்டுவதில்லை. நான் சொன்னது, "எனக்கு நாய் வளர்க்கிற பக்குவம் இருக்கா என்று தெரியவில்லை," என்பது மட்டும்தான்.

அவர் சிரித்தார். "அதைக் கண்டுபிடிக்கிறது சுகம். இரண்டு கிழமை விடிய எழும்பி, கடற்கரைக்கு நடந்து போய் வா. மழை என்றாலும், காய்ச்சல் என்றாலும் போக வேண்டும். முடிந்தால் வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போ. முடியாவிட்டால் கேட்காதே. நான் கொடுத்த குட்டி திரும்பி வந்தால் எனக்கு மனசு விட்டுப்போகும்."

அவர் அதை அரைப் பகிடியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்துச் சனம். எதையும் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினால்தான் எங்களுக்கே எங்களில் நம்பிக்கை. அதிலும் நான் கணக்குக்காரி. அந்தச் சனிக்கிழமையே சந்தைக்குப் போய் ஒரு நாய்ச் சங்கிலி வாங்கினேன். தோல் பட்டி வைத்தது. நாய் எவ்வளவு பெரிது என்று கடைக்காரர் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் சுற்றித் தந்தார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். நான் சங்கிலியைக் கண்டேன், நாயைக் காணோம்.

திங்கட்கிழமை தொடங்கி நடந்தேன். வெளிச்சம் வருகிற நேரத்தில் எழும்பி, பிளேன்ரீ குடித்து, ஒரு சீலைப் பைக்குள் சங்கிலியைப் போட்டுக்கொண்டு இறங்குவேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை. அதைக் கடந்தால் கற்பாறைகளும் கொஞ்சம் மணலும். அங்கே நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். வருகிற வழியில், நாய் இருந்தால் இந்த மின்கம்பத்தடியில் நிற்கும், இந்தக் கேற்றுக்குக் குலைக்கும் என்று நினைத்து நானும் அங்கங்கே நின்று நடப்பேன். ஒருவரும் இல்லாதபோது, "வா, வா, அங்க என்ன மணக்கிறாய்?" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில் தொண்டை அடைக்கவில்லை. பைத்தியம்தான். ஆனால் அந்தப் பைத்தியத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரயில் பாதையடியில் ஒரு ஆமி சென்றி, காவலரண், இருந்தது. மணல் மூட்டை, தகரம், ஒரு ஆள். இரண்டாவது கிழமை நடுவில் ஒருநாள், அந்த ஆள் வெளியே வந்து கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

"கொஹெத யன்னே?"

எங்கே போகிறாய் என்ற அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் தயாராகத்தான் இருந்தது. கொழும்பில் எல்லாத் தமிழரிடமும் அந்தப் பதில் தயாராக இருக்கும்: வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோவிலுக்கு. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ரயில் பாதைக்கு வந்து, அங்குமிங்கும் நின்று பார்த்துவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் திரும்பிப் போகிற ஒருத்தி அதில் எதைச் சொல்வது? அந்தப் பதற்றத்தில் உண்மையைச் சொன்னேன். நாயை நடத்திக்கொண்டு போகிறேன் என்று, எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில்.

அவன் எனக்குப் பின்னால் பார்த்தான். எனக்கு முன்னால் பார்த்தான்.

"பல்லா கோ?"

நாய் எங்கே? நியாயமான கேள்வி. பையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். உள்ளே புதுச் சங்கிலி ஒன்று சுருண்டு கிடந்தது. அவன் அதைத் துவக்கின் நுனியால் தூக்கிப் பார்த்தான். நாய் இல்லை, இனித்தான் வாங்கப் போகிறேன், அதற்குப் பழகுகிறேன் என்று நான் விளக்க விளக்க, அவன் முகத்தில் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பான். பிறகு அடையாள அட்டையைக் கேட்டான். பிறந்த இடத்தைப் பார்த்தான். அதோடு கதை முடிந்தது.

பொலிஸ் நிலையத்தில் உட்கார ஒரு நீள வாங்கு. எனக்கு முன்னமே இரண்டு பேர் இருந்தார்கள், சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற்றுகிறவர்கள், மலைநாட்டுப் பக்கம். "ஒண்ணும் பயப்படாதீங்க அக்கா, மொதலாளி வந்துருவாரு," என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார், என்னவோ அவர்களுடைய முதலாளி எனக்கும் முதலாளி மாதிரி. சொன்னபடி அவர் வந்தார், சாரத்தை மடித்துக் கட்டியபடி, சத்தம் போட்டுக்கொண்டு. இருவரும் எழும்பிப் போனார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாங்கு முழுவதும் எனக்கென்று ஆகிவிட்டது.

மேசையில் இருந்த அதிகாரி அவ்வளவு மோசமான மனிதர் அல்ல. "உன்னைத் தெரிந்தவர் யார்? யாராவது வந்து சொல்லட்டும், விடுகிறேன்," என்றார். முன்வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அவர் எடுத்தார். விசாரித்தார். வைத்தார்.

"பின்வீட்டில் இருக்கிறாளாம். வேலைக்குப் போகிறாளாம். வேறு ஒன்றும் தெரியாதாம்."

அன்ரி பொய் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த வசனத்தை நாங்கள் எல்லோரும் பாடமாக்கி வைத்திருந்தோம். அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். ஒன்றும் தெரியாத ஒருத்தியைப் பற்றி யாரும் ஒன்றும் கெடுதலாகச் சொல்ல முடியாதே. இதெல்லாம் எனக்கு விளங்கியது. 

அலுவலகம் திறக்கும் நேரம் வரை எனக்கு வேறு இலக்கம் இல்லை. அந்த வாங்கில் இருந்துகொண்டு யோசித்தேன். அனெக்ஸில் மேசையில் குடித்துவிட்டு வைத்த கோப்பை. யன்னலில் காய்கிற துணி. நான் இன்றைக்குத் திரும்பிப் போகாவிட்டால், அந்தக் கோப்பை அங்கேயே இருக்கும். துணி காய்ந்து மடங்கி அங்கேயே தொங்கும். வாடகை நாள் வரும்வரை யாரும் கதவைத் தட்டமாட்டார்கள், மரியாதைக்காக. எத்தனையோ நாட்களாக நான் என்னையே கேட்டு வந்தது, நான் வராவிட்டால் நாய்க்கு யார் என்று. கேள்வியைத் தலைகீழாக அல்லவா பிடித்திருந்தேன். நான் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? கொழும்பில் இவ்வளவு சனத்துக்குள் ஒரு உயிருக்கும் தெரியாது. ஒரு நாய் இருந்தால் அதற்குத் தெரிந்திருக்கும். அது பசியில் குலைக்கும். பசிக்காகத்தான் என்றாலும் குலைக்கும்.

அங்கே நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. ஆமிக்காரனில் இல்லை, அன்ரியில் இல்லை. அந்தக் கோப்பையில்.

அலுவலகம் திறந்ததும் அந்த இலக்கத்தைக் கொடுத்தேன். மத்தியானம் தாண்டி நுகேகொடை அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். வாசலிலேயே தொடங்கிவிட்டார். அவருடைய சிங்களம் வேகமாகப் போனதில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நாய் இருக்கிறது, தன் வீட்டில் இருக்கிறது, நடக்கச் சொன்னது தான்தான், வேண்டுமானால் தன்னையும் பிடித்து உள்ளே போடுங்கள் என்கிற மட்டும் விளங்கியது. அதிகாரி என்னைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால்தான் நான் வெளியே வந்தேன் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

ஓட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தான் பகிடிக்குச் சொன்னதை ஏன் செய்தாய் என்று கேட்டு, அவர்தான் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கடுவன் எல்லாம் போய்விட்டது நங்கி. ஒரு பெட்டைக் குட்டிதான் மிச்சம். பெட்டை என்று ஒருவரும் எடுக்கவில்லை."

"அப்ப ரெண்டு பேருக்கும் சரி," என்றேன் தமிழில். அவருக்கு விளங்கியிருக்காது. தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஞாயிறு நுகேகொடைக்குப் போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மண்ணிறம், ஒரு காது மடிந்தது. அதற்கு நான் வைத்த பெயர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கட்டும். அன்ரியிடம் இந்த முறை அனுமதி கேட்கவில்லை. பூச்சட்டியடியில் நின்றவர் குட்டியைக் கண்டார், என்னைக் கண்டார். பொலிஸிலிருந்து தொலைபேசி வந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"குலைக்கும் எண்டு சொன்னனான், பிள்ளை," என்றார்.

"குலைக்கட்டும் அன்ரி. நாலு பேர் பார்க்கட்டும்," என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது.

காலையில் கடற்கரைக்குப் போனோம், இந்த முறை இரண்டு பேராக. சென்றியில் அதே ஆள். நாயைக் கண்டதும், "ஆ, பல்லா ஆவா!", நாய் வந்துவிட்டது, என்று ஏதோ தன் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரிச் சத்தம் போட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் வாலை ஆட்டினாள். அவளுக்கு அரசியல் தெரியாது.

சில மாதங்கள் போயின. பகலில் அவளைப் பின்வளவில் நீளக் கயிற்றில் கட்டிவிட்டு வேலைக்குப் போவேன். அவ்வளவாகக் குலைக்கிற சாதியும் அல்ல. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்று சில நேரம் எனக்கே ஏமாற்றமாக இருக்கும். என் குரல் மட்டும் திருந்திவிட்டது. அன்ரிக்கும் எனக்கும் நடுவில் சுவர் சுவராகவே இருந்தது.

பிறகு ஒருநாள் நகரத்தில் குண்டு வெடித்தது. அலுவலக யன்னல்கள் அதிர்ந்தன. ரோட்டை எல்லாம் மூடிவிட்டார்கள், பஸ் இல்லை, தொலைபேசி கிடைக்கவில்லை. கொம்பனித்தெருவில் இருந்து நடக்கத் தொடங்கினேன், சனத்தோடு சனமாக. வழியெல்லாம் மறித்து மறித்து அடையாள அட்டை பார்த்தார்கள். ஒரு இடத்தில் என்னை ஓரமாக நிற்க வைத்தார்கள், கனநேரம் நின்றேன். விட்ட பிறகு காலி வீதியில் செருப்பு அறுந்த காலோடு நடந்தேன். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கடைகள் எல்லாம் இறக்கிப் பூட்டியிருந்தன.

ஒழுங்கை முகப்பில் திரும்பியபோதே கேட்டது. குலைப்பு. சும்மா குலைப்பு இல்லை. தொண்டை கிழிந்து, அடைத்துப்போய், நிறுத்த மனமில்லாத குலைப்பு. மாடிகளில் யன்னல்கள் திறந்திருந்தன. பெயர் தெரியாத முகங்கள் கீழே பார்த்துக்கொண்டு நின்றன. ஒருவர் என்னைக் கண்டு உள்ளே திரும்பி, "வந்திட்டா, வந்திட்டா," என்று யாருக்கோ சொன்னார்.

கேற்றடியில் அன்ரி நின்றார். ஒரு கையில் நாயின் சங்கிலி. அது அவரை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. 

"எங்க போனனீர்?" என்றார். வெள்ளவத்தையில் ஒருவரும் ஒருவரிடமும் கேட்காத கேள்வி. "ஒரு கோல் எடுத்துச் சொல்லத் தெரியாதோ? இது பின்னேரம் தொடங்கி நிப்பாட்டாமல் குலைக்குது. இது குலைக்க எனக்கு நெஞ்சு அடைக்குது. அஞ்சு வருஷமா நீர் கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் சாமிக்கு விளக்கேத்துறனான், தெரியுமோ? இண்டைக்கு இன்னும் விளக்கு வைக்கேல்ல. என்ன பொம்பிளை நீர்? அறிவில்லையோ?"

லைன் கிடைக்கவில்லை அன்ரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாய் என் காலடியில் விழுந்து அறுந்த செருப்பை நக்கியது. அன்ரி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் தொடங்கினார். அம்மா செத்தபிறகு, பிந்தி வந்ததற்காக என்னை யாரும் ஏசியதில்லை. இன்னும் கொஞ்சம் ஏசட்டும் என்று நான் கேற்றுக்கு வெளியிலேயே நின்றேன்.